ஓட்டுரிமை கேட்டதும் நின்ற படகு... அலபாமா பெண்கள் தைத்த போர்வைகளின் கதை!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கிராமம். மூன்று பக்கமும் ஆறு. அக்கரையில் உள்ள கேம்டன்தான் அந்த கவுண்டியின் தலைமையிடம். வாக்காளராகப் பதிவு செய்ய அப்போது அங்கேதான் போகவேண்டியிருந்தது. கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டு எழுந்த நேரத்தில், 1962-ல், படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சாலையில் சுற்றிப் போனால் சுமார் 60 கி.மீ. படகு திரும்ப வந்தது 2006-ல். ஆமாம், 44 வருஷம்!

பிரச்சினை படகோடு முடியவில்லை. ஓட்டுக்குப் பதிவு செய்த குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்கள் வீட்டைவிட்டே வெளியேற்றினார்கள். இதை ஆவணப்படுத்த 1965 டிசம்பரில் அந்தப் பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தார் பாதிரியார் பிரான்சிஸ் வால்டர். வழியில் ஒரு வீட்டுக் கொடியில் மூன்று போர்வைகள் தொங்கின. துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற 'குவில்ட்' அவை. நியூயார்க்கில் விலைபோகும் என்று அவருக்குத் தோன்றியது.

1966 மார்ச்சில் பிறந்தது 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கம். அதே மாதம் நியூயார்க்கில் ஏலமும் நடந்தது. சங்கத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் எஸ்டெல் விதர்ஸ்பூன்.

பணம் வந்தது என்பதைவிட, அது யார் கையில் வந்தது என்பதுதான் இங்கே விஷயம். நில உரிமையாளரின் தயவில்லாத வருமானம் அது. சங்கம் நிலம் வாங்கியது, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு மனை விற்றது, 1969-ல் சொந்தமாகத் தையல் கூடமும் கட்டியது.

ஆனால், ஒரு சிக்கல். பெரிய கடைகளுக்கு எல்லாப் போர்வையும் ஒரே மாதிரி இருக்கணும். இந்தப் பெண்களோ கையில் கிடைத்த துணி, மனசில் தோன்றிய வடிவம் என்று தைத்தே பழகியவர்கள். ஆர்டருக்காக அளவெடுத்த டிசைனுக்கு மாறினார்கள். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. போர்வை அளவுக்கு அதில் கலை இல்லைதான். ஆனால் அது நிலையான வேலை.

2012-ல் சங்கம் மூடப்பட்டது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2002-ல், கீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறிவிட்டன. விமர்சகர்கள் கொண்டாடியது எதைத் தெரியுமா? கடைகள் வேண்டாம் என்ற அதே கோணல்மாணல் வடிவங்களை!

அவற்றில் ஒன்று, 1942-ல் மிசௌரி பெட்வே தைத்தது. இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து, போர்த்திக்கொள்ள அவர் தைத்த போர்வை அது.