ஒரே பாட்டு... ஒரு மணி நேரம்!

நாலு நிமிஷப் பாட்டையே பாதியில் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுற ஆளா நீங்க? அப்படின்னா உம்மு குல்தூம் பற்றி நீங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். எகிப்தைச் சேர்ந்த இந்தப் பாடகி ஒரு பாட்டை எடுத்தால் சர்வசாதாரணமாக ஒரு மணி நேரம் ஓடும். ராத்திரி முழுக்க நடக்கும் கச்சேரிக்கு மொத்தமே ரெண்டு, மூணு பாட்டுதான். ஆனாலும், கூட்டம் அசையாது!

பையன் வேஷம்

நைல் நதி டெல்டாவில் ஒரு சின்ன கிராமம். அப்பா பள்ளிவாசல் இமாம். கல்யாணம், திருவிழாக்களில் பக்திப் பாடல் பாடினால் கையில் கொஞ்சம் காசு வரும். அண்ணனுக்கு அப்பா பாட்டு சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டாள் இந்தச் சிறுமி. குரலோ அபாரம். ஆனால், பெண் பிள்ளை ஊர் முன்னால் நின்று பாடினால் நாலு பேர் என்ன சொல்வாங்க? அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மகளுக்குப் பையன் டிரெஸ் போட்டு மேடையேற்றினார்!

1920-களில் குடும்பத்தோடு கெய்ரோவுக்கு வந்தார் உம்மு குல்தூம். பையன் வேஷத்தைக் கழற்றினார். ஊத், கானூன், வயலின் என்று தேர்ந்த கலைஞர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அப்புறம் நடந்தது எல்லாம் சரித்திரம்.

'இன்னொரு தடவை!'

அரபு இசைக்கு அடிப்படை 'மகாம்'. ஏறக்குறைய நம்ம ராகம் மாதிரி. பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் ரெண்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் ஸ்வரங்கள்கூட சில மகாம்களில் உண்டு. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி பாடுவார் உம்மு குல்தூம். கேட்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். 'அல்லாஹ்!' என்று உருகுவார்கள். 'இன்னொரு தடவை' என்று கத்துவார்கள். அந்த உற்சாகத்தில் அவர் இன்னும் மேலே போவார். இப்படிப் பாடுறவங்களும் கேட்கிறவங்களும் சேர்ந்து கிறங்கிப் போகிற நிலைக்கு அரபியில் 'தரப்' என்று பெயர். பாட்டு ஏன் ஒரு மணி நேரம் ஓடுதுன்னு இப்ப புரியுதா? பாதிப் பாட்டை நீட்டியதே ரசிகர்கள்தான்!

1934-ல் எகிப்து ரேடியோ வந்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை ராத்திரி அவர் கச்சேரி நேரடி ஒலிபரப்பு. அரபு நாடுகளில் டீக்கடை முதல் அரண்மனை வரை காது ரேடியோ பக்கமே. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தப் பழக்கம் நீடித்தது. 1964-ல் வந்த 'இன்த உம்ரீ' பாட்டில் எலெக்ட்ரிக் கிதார்கூட ஒலித்தது. இசையமைத்தவர் இன்னொரு ஜாம்பவான், முகமது அப்துல் வஹாப். பல வருஷமாக ஒரே ஊரில் கொடிகட்டிப் பறந்த ரெண்டு பேரும் முதல்முறையாகச் சேர்ந்தது அதில்தான்.

தோற்ற தேசத்தின் குரல்

1967 ஜூன். இஸ்ரேலுடன் ஆறே நாள் போர். எகிப்து படுதோல்வி. நாடே தலைகுனிந்து கிடந்தது. உம்மு குல்தூமுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் வீட்டில் முடங்கவில்லை. ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ப் பாடினார். அந்த வருஷம் நவம்பரில் பாரீஸ் ஒலிம்பியா அரங்கிலும் பாடினார். வந்த பணத்தைத் தேசத்துக்கே கொடுத்தார். ஊர் வாய்க்குப் பயந்து பையன் வேஷம் போட்ட பெண், ஒரு தேசத்துக்கே தைரியம் சொன்னார்.

1975 பிப்ரவரி 3-ம் தேதி அவர் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் கெய்ரோவே திரண்டது. அரசு போட்ட திட்டமெல்லாம் காற்றில் பறந்தது. மக்கள் பெட்டியைத் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டு தெருத் தெருவாகச் சுமந்து போனார்கள். ஒரு வரியையே சீக்கிரம் முடிக்க விடாத ரசிகர்கள், அவரை மட்டும் அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிடுவார்களா?

ஒரு ராத்திரி போனை ஓரமா வெச்சுட்டு, உம்மு குல்தூம் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டுப் பாருங்க. மொழி புரியாது. பரவாயில்லை. இருபதாவது நிமிஷத்தில் 'இன்னொரு தடவை'ன்னு நீங்களே கேட்பீங்க!