வாக்குரிமையின் முகவரி

குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றல், சொத்துவரி என ஒரு நகரவாசியின் அன்றாட வாழ்வைத் தொடும் பெரும்பாலான முடிவுகளை எடுக்கும் மன்றத்தை அந்த ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை, 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் உறுதிசெய்தது. அம்மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்றும், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றும் அதே திருத்தம் வரையறுத்தது. ஆயினும் தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2011 அக்டோபரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்ததும், அதன்பின் வார்டு மறுவரையறைப் பணியும் வழக்குகளும் தொடர்ந்ததும், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றித் தனி அலுவலர்களே ஊர்களை நிர்வகிக்கும் நிலையை உருவாக்கின. இத்தனை அரிதாகக் கிடைத்த வாக்கையும் பலர் வாக்குச்சாவடி வாசல்வரை வந்து இழந்து திரும்புவதற்கு முதன்மையான காரணம், தேர்தல் நாளுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலை முடியாமல் போவதுதான்.

அந்த வேலை வாக்காளர் பட்டியலைச் சார்ந்தது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையம் இதனின்று வேறானது. ஆனால் உள்ளாட்சித் தேர்தலுக்கென்று வீடுவீடாகச் சென்று தனியாகப் பெயர் சேர்க்கும் முறை தமிழ்நாட்டில் இல்லை. இந்தியத் தேர்தல் ஆணையம் தயாரித்த சட்டமன்றத் தொகுதிப் பட்டியலையே மாநில ஆணையம் எடுத்துக்கொண்டு, வார்டு எல்லைகளுக்கு ஏற்பத் தெருத்தெருவாகப் பிரித்து அடுக்குகிறது. எனவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவர் வார்டுப் பட்டியலிலும் இருக்கமாட்டார். சட்டமன்றப் பட்டியலில் பழைய முகவரியில் இருப்பவர், தாம் குடியிருக்காத வார்டின் வாக்காளராகவே நீடிப்பார்.

ஒருவர் எந்த ஊரின் வாக்காளர் என்பதை முடிவுசெய்யும் அளவுகோல், 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறும் 'சாதாரணமாக வசிப்பவர்' என்ற சொற்றொடரில் அடங்கியுள்ளது. ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதனால் மட்டுமே ஒருவர் அங்கு சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது; அதேபோல் தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதனால் மட்டும் அந்தத் தகுதியை அவர் இழந்துவிடுவதும் இல்லை. வரி கட்டுவோருக்கும் உடைமையாளருக்கும் மட்டுமே நகராட்சி வாக்கு என்றிருந்த ஆங்கிலேயர் காலத்து வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். வாடகை வீட்டில் ஓர் அறையில் குடியிருப்பவருக்கும் அந்தக் கட்டடத்தின் உரிமையாளருக்கும் இங்கு வாக்கு ஒன்றுதான். உரிமையாளர் வேறு ஊரில் வசிப்பாரேயானால், அந்த வார்டில் வாக்கு குடித்தனக்காரருக்கே உண்டு, உரிமையாளருக்கு இல்லை. வீடே இல்லாமல் நடைபாதையில் வாழ்பவரும் பெயர் சேர்க்கலாம். அவரிடம் முகவரிச் சான்று கேட்பதற்கு மாறாக, வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவு நேரத்தில் அந்த இடத்திற்கே சென்று, அவர் அங்கு உறங்குகிறார் என்பதை நேரில் கண்டு உறுதிப்படுத்த வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். இந்தியத் தேர்தல் நடைமுறையில் இதைவிட மேன்மையான விதி ஒன்றைக் காண்பது அரிது.

பதினெட்டு வயது நிறைந்தவர் பெயர் சேர்க்கப் படிவம் 6-ஐ அளிக்க வேண்டும். முன்பு ஜனவரி 1 என்ற ஒரே நாளைக் கொண்டு வயது கணக்கிடப்பட்டது. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களாக ஏற்கப்படுவதால், புதிய வாக்காளர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. வீடு மாறியவர்கள் படிவம் 8-ஐ அளிக்க வேண்டும். பெயர், வயது, புகைப்படம் ஆகியவற்றின் பிழைகளைத் திருத்துவதும் இதே படிவத்தின் வழியாகத்தான். இவற்றை இணையத்தளத்திலும் அளிக்கலாம், அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் அளிக்கலாம். ஐயங்களுக்கு 1950 என்ற உதவி எண் உள்ளது. பழைய ஊரில் ஒரு பெயரும் புதிய ஊரில் ஒரு பெயருமாக இரண்டு இடங்களில் இருப்பது வசதி என்று எண்ணுவோர் உண்டு. அது சட்டம் தடைசெய்த செயல் என்பதோடு, படிவத்தில் பொய்யான உறுதிமொழி அளிப்பது ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமும் ஆகும்.

வீடு மாறுவது எவ்வளவு பெரிய அளவில் நிகழ்கிறது என்பதை வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வெளிக்காட்டியது. 2025 நவம்பரில் தொடங்கிய அப்பணியின் முதற்கட்ட முடிவில், டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றுள் பெரும்பகுதி இறந்தவர்களுடையதன்று, குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுடையது. வேலைக்காகவும் வாடகைக்காகவும் அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள் நகரங்களில் பல என்பதால், நகராட்சியின் சேவை மிகவும் தேவைப்படும் ஏழை எளிய மக்களின் பெயர்களே பட்டியலிலிருந்து எளிதில் நழுவுகின்றன.

சட்டமன்றப் பட்டியலில் பெயர் சரியாக இருப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஊர் விரியும்போது வார்டுகளின் எல்லைகள் மாறுகின்றன. 2011-இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டுச் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக உயர்ந்தபோது, 155 வார்டுகள் 200 ஆயின. நேற்றுவரை நகராட்சியாகவோ ஊராட்சியாகவோ இருந்த பகுதி ஒரே நாளில் மாநகராட்சி வார்டாக மாறியது. தெரு ஒன்றின் இருபுறங்களும் இருவேறு வார்டுகளில் அமைவதும், பிரிப்பில் நேரும் பிழையால் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் வேறு வேறு வார்டுகளில் இடம்பெறுவதும் உண்டு. ஆகவே வார்டுவாரிப் பட்டியல் வெளியிடப்பட்டவுடன், நகராட்சி அலுவலகத்திலோ மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்திலோ வார்டு எண், பாகம் எண், வரிசை எண் ஆகிய மூன்றையும் சரிபார்ப்பது இன்றியமையாதது. பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதியைக் குறிக்கும். பிழை இருப்பின் மாநகராட்சி, நகராட்சிகளில் ஆணையாளரிடமும் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் முறையிட வேண்டும்.

வாக்குச்சாவடிக்குள் நடப்பது எளிமையானது. முதல் அலுவலர் பட்டியலில் பெயரைக் கண்டு, வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிக்கிறார். அவர்களுள் ஒருவருக்கு ஐயம் இருந்தால் அப்போதே ஆட்சேபிக்கலாம் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அடுத்தவர் இடக்கை ஆள்காட்டி விரலில் அழியா மையிட்டு, பதிவேட்டில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பெற்று, ஒரு சீட்டை அளிக்கிறார். மூன்றாமவர் அச்சீட்டைப் பெற்றுக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்திய பிறகுதான் மறைவிடத்தில் உள்ள வாக்குப்பதிவுக் கருவி உயிர்பெறுகிறது. சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்து, 'பீப்' என்ற நீண்ட ஒலி கேட்க வேண்டும். ஒலி கேட்கும்வரை வாக்கு பதிவாகவில்லை என்றே பொருள். சட்டமன்றத் தேர்தலில் காணும் ஒப்புகைச் சீட்டும் நோட்டா பொத்தானும் 2022 நகர்ப்புறத் தேர்தலில் இல்லை.

கையில் வாக்காளர் அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க இயலாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை இல்லாதவர், ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படத்துடன் கூடிய வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற அனுமதிக்கப்பட்ட ஆவணம் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். தம் வாக்கை வேறொருவர் முன்பே போட்டுவிட்டதாக அறிபவரும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. 2018-இல் வெளியான 'சர்கார்' திரைப்படத்தால் மக்களிடையே பரவலாக அறியப்பட்ட 'ஆய்வுக்குரிய வாக்கு' என்னும் முறையின்படி, அவர் தம் அடையாளத்தை மெய்ப்பித்து வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். அச்சீட்டு தனி உறையில் வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது எனினும், முடிவை எதிர்த்து வழக்கு வந்தால் நீதிமன்றத்தின் பார்வைக்குச் செல்லும்.

ஊராட்சி வாக்காளர் நான்கு நிறங்களில் நான்கு வாக்குச்சீட்டுகளைப் பெற்று நான்கு பதவிகளுக்கு வாக்களிக்க, நகர்ப்புற வாக்காளருக்குத் தற்போது கிடைப்பது வார்டு உறுப்பினருக்கான ஒரே வாக்கு மட்டுமே. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006-இலும் 2022-இலும் வார்டு உறுப்பினர்கள் கூடி மேயரையும் தலைவரையும் தேர்ந்தெடுத்தனர். ஆகவே இன்றைய முறையில் வார்டு உறுப்பினருக்கு இடும் வாக்கே மேயர் யார் என்பதற்கும் மறைமுகமாக இடும் வாக்காகிறது.

649 நகர்ப்புற உள்ளாட்சிகளில் 12,838 வார்டுகளுக்கென அறிவிக்கப்பட்ட 2022 தேர்தலில், பேரூராட்சிகளில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் வாக்களித்திருக்க, மாநகராட்சிகளில் அது 52 விழுக்காட்டளவிலேயே நின்றது. சென்னையில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. அதே தேர்தலில் ஒரே ஒரு வாக்கில் முடிவு தீர்மானிக்கப்பட்ட வார்டுகளும், வாக்குகள் சமமாகிக் குலுக்கலில் உறுப்பினர் தேர்வான வார்டுகளும் இருந்தன. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றதால், அவர்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. கடைசித் தேர்தலுக்குப் பிறகு வீடு மாறிய ஒவ்வொருவரும், தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், தம் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை இப்போதே பார்த்து, தேவையெனில் படிவம் 8-ஐ நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும்.