பாய்லருக்குள் ஒரு காசு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் டீக்கடைகள் தூங்குவதில்லை. பழைய பாணிக் கடையென்றால் முகப்பில் விபூதிப் பட்டையும் குங்குமப் பொட்டுமாகச் செம்பு பாய்லர் நிற்கும். ஊர் அக்னித் தலம் அல்லவா, கடைக்கும் ஒரு நெருப்பு வேண்டும். ஆனால் இந்த நெருப்பு இருப்பது தண்ணீருக்கு நடுவில்.

வெளியிலிருந்து பார்த்தால் வெறும் அண்டாதான். உள்ளே நட்டநடுவில் செங்குத்தாக ஒரு குழாய். அதன் அடியில் இரும்புச் சல்லடை, சல்லடைமேல் கரி. குழாயைச் சுற்றித் தண்ணீர். சூடான காற்று மேலே ஏற ஏற, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே இழுபடும். தணல் பிடித்துவிட்டால் விசிறியும் ஊதுகுழலும் தேவையில்லை. சாம்பல் சல்லடை வழியே கீழே உதிரும். திறந்த அடுப்பில் பக்கவாட்டில் வீணாகும் சூடு இங்கே தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் வெளியேற முடியும்.

ரஷ்யச் சமோவாருக்கும் இதே வயிறுதான். அந்தச் சொல்லுக்கே ‘தானே கொதிப்பது’ என்று பொருள். துலா நகரில் லிசித்சின் சகோதரர்கள் 1778-ல் அதைச் செய்யத் தொடங்கினார்கள். கேரளத்துச் சாயக்கடையில் இன்றும் ‘சமாவர்’ என்றுதான் பெயர்.

செம்பு, எவர்சில்வரைவிட 20 மடங்குக்கும் மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். களிம்பு ஏறுவதுதான் வில்லங்கம். அதனால் உட்புறம் ஈயம் பூசுவார்கள். பேச்சில் ஈயம், பூசுவது வெள்ளீயம். சூடேற்றிய பாத்திரத்தில் நவச்சாரம் தூவித் துணியால் தேய்த்தால் வெள்ளீயம் வெள்ளிபோலப் பரவும். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கரித்தணலின் சூடோ அதைவிட வெகு அதிகம். தண்ணீர் இருக்கும்வரை கவலையில்லை, 100 டிகிரிக்கு மேல் ஏற விடாது. வற்றினால் பூச்சு வழிந்துவிடும்.

இதற்குக் காவல் ஒரு காசு. பழைய கடைக்காரர்கள் சிலர் பாய்லருக்குள் காசு ஒன்றைப் போட்டுவைப்பார்கள். கொதிக்கையில் நீராவிக் குமிழிகள் அதைத் தூக்கித் தூக்கிப் போட, கடகடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கினால் தணல் மங்கியிருக்க வேண்டும், இல்லையேல் தண்ணீர் தீரப்போகிறது. மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே காதால் பாய்லரைப் பார்த்துக்கொள்வார்.

இங்கிலாந்துச் சிற்றூர்களில் ‘பப்’ செய்த வேலையை இங்கே அந்த பாய்லருக்கு முன்னால் கிடந்த டீக்கடை பெஞ்சு செய்தது. 1942-ல் தொடங்கிய ‘தினத்தந்தி’யை ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்டது அங்கேதான். எல்லாருக்கும் அந்த பெஞ்சு கிடைக்கவில்லை. சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளும் இதே தமிழ்நாட்டில்தான் இருந்தன. பழைய கடையை நினைத்து உருகுகிறவர்கள் அந்தத் தனி டம்ளரை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பல கடைகளில் கரி போய் கேஸ் வந்துவிட்டது, செம்பு போய் எவர்சில்வர். ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுப்பதும் அரிது. காலையில் கடை திறந்ததும் சூடம் காட்டி, எவர்சில்வர் நெற்றியிலும் விபூதியை இழுத்துவிட்டுத்தான் மாஸ்டர் முதல் டீயைப் போடுகிறார்.