மின்சூளின் ஒளிப்பெருக்கும் எட்டும் தூரமும்

மின்சூள் நெடுங்காலம் பெருமாற்றமின்றி இருந்ததோர் எளிய கருவியாகும். இரண்டு மூன்று உலர்கலங்கள், ஒரு சிறிய இழைக்குமிழ், அதன் பின்னே ஒரு குழிவான தெறிப்பி ஆகிய இவற்றாலாய அக்கருவி தந்த ஒளி சில பத்து உலூமென்களே. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் மின்சூள்களே பல ஆயிரம் உலூமென் தருகின்றன. இம்மாற்றத்திற்குக் காரணமாயது ஒளிகாலும் இருவாயி. ஓர் உறையினுள்ளே பல சில்லுகளை அடுக்கி ஆக்கப்பட்ட புதுவகை இருவாயிகள் மின்சூள் ஆர்வலரிடையே பெரும் உவகையை எழுப்பியுள்ளன. அவ்வுவகை எவ்வளவிற்குத் தக்கது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

செந்நிற ஒளி தரும் இருவாயியை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தில் நிக் ஹொலோனியாக் என்பார் ஆக்கினார். வெள்ளொளிக்கு நீலவொளி வேண்டப்பட்டது. ஒளிமிக்க நீல இருவாயி 1990களின் முற்பகுதியிலேயே கைகூடியது. அதற்கு வழிகோலிய அக்கசாக்கி, அமனோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர். நீலச் சில்லின்மேற் பூசப்படும் பொசுபர் நீலவொளியின் ஒரு பகுதியை மஞ்சளொளியாக மாற்றும். எஞ்சிய நீலமும் அம்மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றும்.

சில்லுகளைப் பலவாக்குவானேன்? ஒரு சில்லின் மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் ஒளி இருமடங்காவதில்லை. ஓட்டம் மிகுந்தோறும் சில்லின் வினைத்திறன் குன்றும். ஆதலின் ஒரே சில்லை வருத்துவதிலும், அதே மின்வலுவை நான்கு சில்லுகளுக்குப் பகிர்ந்தளித்தல் மிகுதியான ஒளியைத் தரும். 2008ஆம் ஆண்டளவில் மின்சூள்களிற் புகுந்த, தென்கொரியாவின் சியோல் செமிகொண்டக்ரர் நிறுவனத்தாரின் பி 7 என்னும் நாற்சில்லு இருவாயி 900 உலூமென் வரை தருமெனப்பட்டது. 2014இல் அமெரிக்கக் கிறீ நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.எச்.பி. 70 என்பது, 7 மில்லிமீற்றர்ச் சதுர உறையிலிருந்து 32 உவாற்று வலுவில் 4,000 உலூமெனுக்கு மேல் தருமென அறிவிக்கப்பட்டது.

இனி, பலர் மயங்குமிடத்தை நோக்குவாம். உலூமென் என்பது எல்லாத் திசைகளிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. கற்றை எட்டும் தூரத்தை நிருணயிப்பது அம்மொத்தமன்று. கற்றையின் நடுவில் ஒரு திசை நோக்கிச் செல்லும் வலுவே. அதனைக் கண்டெலாவில் அளப்பர். அவ்வலு, ஒளிரும் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரிலுமுள்ள ஒளிச்செறிவையும், தெறிப்பியின் வாயின் பரப்பையும் பொறுத்தது. எத்துணைச் சிறந்த தெறிப்பியும் ஒளிமுதலின் செறிவை மிகுவிக்க மாட்டாது.

ஒரு சில்லிருந்த இடத்தில் அதேபோன்ற நான்கு சில்லுகளை வைத்து, ஒவ்வொன்றிற்கும் முன்னைய ஓட்டத்தையே செலுத்துவோமாயின், மொத்த ஒளி நான்கு மடங்காகும், செறிவோ மாறாது. ஆகவே, சுவரில் விழும் ஒளிவட்டம் அகலுமேயன்றி, எட்டும் தூரம் கூடாது. சில்லுகளுக்கிடையேயுள்ள இடைவெளி, சில தெறிப்பிகளில், வட்டத்தின் நடுவே மங்கிய புள்ளியாகத் தோன்றுவதும் உண்டு. மாறாக, ஒரு சில்லையே வைத்துக்கொண்டு அதே வடிவான தெறிப்பியின் விட்டத்தை இருமடங்காக்கினால், அதன் வாயின் பரப்பு நான்கு மடங்காகும். நடுவலுவும் நான்கு மடங்காகும்.

அமெரிக்காவில் 2009இல் வகுக்கப்பட்ட எவ்.எல். 1 என்னும் நியமத்தின்படி, ஒளி 0.25 இலக்சாகக் குறையும் தூரமே கற்றை எட்டும் தூரம். இது ஏறத்தாழ முழுநிலவின் ஒளியளவாகும். தூரத்தின் வர்க்கத்திற்கேற்ப ஒளி குறைவதால், 10,000 கண்டெலா 200 மீற்றரை எட்டும். 400 மீற்றரை எட்ட 40,000 கண்டெலா வேண்டும்.

மற்றொரு தடை வெப்பம். வலுமிக்க ஓட்டத்தில், இருவாயி பெறும் மின்சக்தியிற் பாதியளவோ அதற்கு மேலோ வெப்பமாகின்றது. அவ்வெப்பம் கற்றையோடு வெளியேறாது, சில்லின் அடித்தளம் வழியே மின்சூளின் உலோக உடலுக்குக் கடத்தப்படல் வேண்டும். சிறிய உடல் விரைவிற் சூடேறுமாதலால், பல மின்சூள்களிலுள்ள கட்டுப்பாட்டுச் சுற்று சில நிமிடங்களில் ஓட்டத்தைத் தானே குறைத்துவிடும். மேற்கூறிய நியமப்படி ஒளி அளக்கப்படுவது, மின்சூளை ஏற்றிய 30ஆம் செக்கனுக்கும் 120ஆம் செக்கனுக்கும் இடையிலாகும். எனவே, பெட்டியிற் பொறித்த உலூமென் தொடக்க ஒளியையே குறிக்கும். எரியும் நேரமெனக் கூறப்படுவதும் ஒளி தொடக்க அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள காலமேயாம். அந்நேரம் முழுவதும் முதலொளி நிலைக்குமென எண்ணுவது தவறு.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக்கல்வி அன்று. கடலில் தவறி வீழ்ந்தவரைத் தேடும் படகினருக்கு வேண்டியது தொலைவை எட்டும் குறுகிய கற்றை. காட்டுப் பாதையில் நடப்பார்க்கும், இடிபாட்டினுள் மீட்புப்பணி செய்வார்க்கும் வேண்டியது அண்மையில் அகன்று பரவும் ஒளி. பல சில்லு இருவாயி பின்னையோர்க்குப் பெருந்துணை. முன்னையோர் உலூமெனை மட்டும் நம்பி வாங்கின், வேண்டிய வேளையில் ஏமாற்றமே எய்துவர். ஆகவே, மின்சூளை வாங்குவோர் உலூமென், கண்டெலா, ஒளி குன்றாது நிலைக்கும் காலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வினவித் தெளிதல் வேண்டும். எவ்வகையினதாயினும், இவ்விருவாயிகளின் ஒளியைப் பிறர் கண்ணுக்கு நேரே பாய்ச்சாமை யாவரும் பேணவேண்டிய ஒழுக்கமாகும்.