அடைக்கோழியும் நம் அவசரமும்

உங்கள் வீட்டுக் கோழி திடீரென்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டதா? இரவிலும் பகலிலும் கூடையை விட்டு எழாமல், கையை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறதா? சீக்கு வந்த கோழி என்று எண்ணி விரட்டாதீர்கள். அது அடைக்கு வந்திருக்கிறது.

ஜோர்ஜ் டவுன் கடைவீட்டு மாடிகளில் இதற்கு இடமில்லை. ஆனால் பாலிக் பூலாவ் கம்பங்களிலும், கடலுக்கு இப்பால் செபராங் பிறையில் நிபோங் திபால், சிம்பாங் அம்பாட் வட்டாரங்களிலும் பின்கட்டில் நாலு கோழி வளர்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நகரவாசிகள் மட்டும், கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று மாநகர் மன்றத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை, செம்பனைத் தோட்டங்களில் இன்றும் கூவித் திரியும் காட்டுக்கோழிதான். முட்டைகளின் மேல் அமர்ந்து இனத்தைக் காப்பது அதன் இரத்தத்தில் ஊறிய குணம். அடைக்கு வந்த கோழியின் உடலில் 'புரோலாக்டின்' என்னும் சுரப்பு மிகுந்து, முட்டையிடுவது நின்றுவிடுகிறது. அதன் மார்பில் இறகு உதிர்ந்து, வெறும் தோலின் சூடு முட்டையில் படுகிறது. முட்டைக்காகவே பெருக்கப்பட்ட வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் இந்தக் குணம் அநேகமாக மறைந்தே போய்விட்டது. அதனால் கம்பத்துக் கோழி அடைக்கு வருவதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

அடை வைக்கும் முன்

எடுத்த எடுப்பிலேயே நல்ல முட்டைகளை வைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் வேண்டாத முட்டை ஒன்றிரண்டை வைத்துப் பாருங்கள். கோழி உறுதியாக உட்கார்ந்தால், இரவு நேரத்தில் நல்ல முட்டைகளை எல்லாம் ஒன்றாக வையுங்கள். அப்போதுதான் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவரும்.

சேவல் சேர்ந்த முட்டையே பொரிக்கும். பேரங்காடியில் வாங்கிய முட்டையை வைத்து ஏமாற வேண்டாம். முட்டை இட்டு ஏழு நாளுக்கு உட்பட்டதாகவும், கீறல் இல்லாததாகவும் இருக்கட்டும். குளிர்ப்பெட்டியில் வைத்தது ஆகாது. முட்டையைக் கழுவவும் கூடாது. கழுவினால் கிருமியைத் தடுக்கும் மேற்பூச்சு போய்விடும். ஒரு கம்பத்துக் கோழிக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டை போதும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். பிற கோழிகள் அங்கே வந்து முட்டையிட்டால் கண்டுபிடித்து எடுத்துவிடலாம்.

கூடை அகலமாக இருக்கட்டும். அடியில் கொஞ்சம் மண், அதன் மேல் காய்ந்த லாலாங் புல் போடலாம். இடம் சற்று இருட்டாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்தால் நம் ஊர் நண்பகல் வெயிலில் கோழி தவித்துப்போகும். எறும்பு ஏறாமல் மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்துங்கள். முசாங்கும் பாம்பும் நுழையாதபடி இரவில் வலைக்கம்பி போட்டு மூடுங்கள். பேன் மிகுந்தால் பொறுக்க முடியாமல் கோழி அடையை விட்டே எழுந்துவிடும். ஆகவே கூண்டுக்கு அருகில் சாம்பல் கலந்த மண்ணைக் குவித்து வையுங்கள். கோழி அதில் புரண்டு குளித்துக்கொள்ளும்.

தினமும் ஒரு முறை

கோழி நாளுக்கு ஒரு முறை இறங்கி, தின்று, குடித்து, எச்சமிட்டுத் திரும்ப வேண்டும். சில கோழிகள் பசியையும் மறந்து உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்டதை, இறக்கைக்குள் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இரு கையாலும் மெல்லத் தூக்கி வெளியே விடுங்கள். சோளமும் நெல்லும் தண்ணீரும் கொடுங்கள். கால் மணி, இருபது நிமிடம் முட்டை ஆறுவதால் ஒன்றும் கெடாது.

ஏழாம் நாள் இரவு, டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோல் செந்நரம்பு தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. தெளிவாக இருந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள்.

கடைசி மூன்று நாள்

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டைகளில் கை வைக்காதீர்கள். முட்டைக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும். தாய் பதில் குரல் கொடுக்கும். இருபத்தொன்றாம் நாளை ஒட்டிக் குஞ்சு ஓட்டில் துளை போடும். துளை போட்டபின் வெளியே வர அரை நாள், சிலவற்றுக்கு ஒரு நாள்கூட ஆகும். அந்த நேரத்தில்தான் ஓட்டை ஒட்டிய இரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்புகிறது. மிஞ்சிய மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் போகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பத்து வயது. ஜூன் விடுமுறை. தோட்டத்து லயத்தில் அம்மா பதினோரு முட்டை அடை வைத்திருந்தார். அந்தக் குஞ்சுகளை வளர்த்து வருடக் கடைசியில் விற்றுத்தான் ஜனவரியில் எங்களுக்குப் பள்ளிச் சீருடையும் காலணியும் வாங்குவார். அன்று அவர் பால்வெட்டுக்குப் போயிருந்த நேரம். இரண்டு முட்டைகளில் காலையில் துளை விழுந்தது. மதியம் வரை குஞ்சு வரவில்லை. பாவம், திணறுகிறதே என்று இரண்டு ஓட்டையும் விரலால் உரித்தேன். இரத்தம் கசிந்தது. இருட்டுவதற்குள் இரண்டும் செத்துவிட்டன. நான் கை வைக்காத முட்டைகளில் எட்டு, மறுநாள் காலைக்குள் தாமாகவே பொரித்தன.

அம்மா என்னை அடிக்கவில்லை. "பொரிக்கிறது கோழியோட வேலை கண்ணு. பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் நம்ம வேலை" என்றார். அடுத்த ஜனவரியில் எனக்கு மட்டும் பழைய காலணிதான்.

குஞ்சு வந்தபின்

முதல் நாள் தீனிக்கு அவசரம் இல்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள் கருவே ஓரிரு நாள் தாங்கும். பிறகு நொய்யரிசியும் குஞ்சுத் தீனியும் கொடுங்கள். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள், குஞ்சு மூழ்காது.

குஞ்சுகளைக் கூட்டமாக வாரிச் செல்வது ராணிக்கெட் நோய். அவிழ்த்துவிட்ட கம்பத்துக் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவது கடினம். அதனால் 1980களில், செர்டாங்கில் இன்று புத்ரா பல்கலைக்கழகமாக இருக்கும் அன்றைய பெர்த்தானியன் பல்கலைக்கழகத்தார், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீனியோடு கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அடைக்கு வரும் முன்பே தாய்க்கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுத்திருந்தால், அதன் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கும் சேரும். கால்நடைச் சேவை இலாகாவில் விசாரியுங்கள். 2006-ஆம் ஆண்டில் பறவைக் காய்ச்சல் பினாங்கிலும் தலைகாட்டியது. கோழிகள் கூட்டமாகச் செத்தால் தொடாதீர்கள், சமைக்காதீர்கள். உடனே இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்பார்கள் பெரியவர்கள். தாயின் காலுக்கு இருக்கும் பக்குவம் அன்று என் விரலுக்கு இல்லை. நல்ல இடம், நல்ல முட்டை, நாளுக்கு ஒரு வேளைத் தீனி, இரவில் காவல்: இவை நம் பொறுப்பு. மற்றதைக் கோழியிடம் விட்டுவிடுங்கள். இருபத்தொரு நாள் பொறுத்தால், பின்கட்டில் கீச்சுக் குரல் கேட்கும்.