ரசீதில் எழுதவேண்டிய ஒரு வரி

நிறைந்தால் 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியின் கரைமீது நின்று, நடு நீரில் மிதக்கும் கூழைக்கடாவைப் படமெடுக்க விரும்புகிறவருக்கு, நீண்ட டெலி லென்ஸ் இன்றிக் காரியம் நடவாது என்பது முதல் பார்வையிலேயே விளங்கிவிடும். ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்ட் முறையில் உழைக்கும் ஓர் இளைஞர், சேமிப்பின் பெரும்பகுதியை லென்ஸுக்கே ஒதுக்கிவிட்டு, கேமராவின் பாடியை மலிவாகவோ பழையதாகவோ வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தால், அதை நான் புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்; நல்ல லென்ஸ் பல பாடிகளைக் கண்டுவிடும். ஆனால், வாங்கப்போகும் பாடி கையிலுள்ள லென்ஸோடு இணங்கி வேலை செய்யுமா என்பதை விசாரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்தான் அபாயம் இருக்கிறது.

லென்ஸைப் பாடியோடு பிணைக்கும் அமைப்பான மவுண்ட்டில், நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. அன்றுமுதல் இன்றுவரை லென்ஸ் பாடியில் மாட்டிக்கொள்கிறது என்பதாலேயே எல்லாம் சரி என்று முடிவு கட்டுவது, நட்சத்திரப் பொருத்தம் ஒன்றை மட்டும் பார்த்து முகூர்த்தம் வைப்பதைப் போன்றது. பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் போகஸ் மோட்டார் கிடையாது. அதைச் சுழற்றும் மோட்டார் பாடிக்குள் இருக்கவேண்டும். டி3500, டி5600 போன்ற குறைந்த விலைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை, டி7200-இல் உண்டு. எஃப் மவுண்ட் லென்ஸை நிக்கானின் மிரர்லெஸ் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரை வாங்கிப் பொருத்தினாலும், அடாப்டரிலும் மோட்டார் இல்லாமையால், பறக்கும் பறவையைக் கையால் போகஸ் செய்யவேண்டிய நிர்ப்பந்தமே மிஞ்சும். 1987-இல் இஎஃப் மவுண்ட்டை அறிமுகம் செய்த கேனான், மோட்டாரை ஆரம்பம் முதலே லென்ஸுக்குள் வைத்துவிட்டதால், அங்கே இந்தத் தொல்லை இல்லை. வேறொன்று உண்டு: எஃப்/5.6 லென்ஸில் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரைச் சேர்த்தால் அது எஃப்/8 ஆகிறது. பழைய மலிவான டிஎஸ்எல்ஆர் பாடிகள் பலவற்றின் ஆட்டோ போகஸ் எஃப்/5.6-க்கு அப்பால் வேலை செய்யாது. 2014-இல் வந்த கேனான் 7டி மார்க் 2, நடுப்புள்ளியில் எஃப்/8-லும் போகஸ் செய்யும்.

இதில் சட்டத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவில், வாங்குபவர் தம் நோக்கத்தை விற்பவருக்குத் தெரிவித்து, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்நோக்கத்துக்கு ஏற்றதாயிருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனையைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. ஆனால் அதே பிரிவு, வியாபாரப் பெயரைச் சொல்லிக் குறிப்பிட்ட ஒரு பொருளைக் கேட்டு வாங்கினால் அந்த நிபந்தனை இல்லை என்றும் சொல்கிறது. "டி5600 ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கியவர், பிறகு "என் லென்ஸுக்கு இது ஆகவில்லையே" என்று முறையிட்டால், கடைக்காரர் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆகையால் லென்ஸைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்ப்பதோடு, "இன்ன லென்ஸுடன் ஆட்டோ போகஸ் செயல்படும்" என்ற ஒரு வரியை ரசீதில் எழுதி வாங்கவேண்டும். எழுத மறுக்கும் வியாபாரி, எழுதாமலே ஒரு பதிலைச் சொல்லிவிட்டார்.

ரசீதே தராமலிருப்பது, 2020 ஜூலை முதல் அமலில் உள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வியாபார முறை. குறைபாடுள்ள பொருளை, ரசீதில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது" என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் இந்த உரிமை அழியாது. அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத கிரே மார்க்கெட் சரக்கின் விலைக்குறைவைக் கண்டு மயங்குகிறவர், முதலில் பெட்டியின்மேல் இறக்குமதியாளரின் பெயரும் விலாசமும் அதிகபட்ச விற்பனை விலையும் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். அவை இல்லையேல், தயாரிப்பாளரின் இந்தியக் கிளை உத்தரவாதம் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கல்யாணங்களுக்குப் படமெடுத்து ஜீவனம் நடத்துபவர், வியாபாரத்துக்காக வாங்கியதால் தமக்கு நுகர்வோர் என்ற அந்தஸ்து இல்லை என்று அஞ்சவேண்டியதில்லை; சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019-இன் சட்டம் தந்த பெரிய சௌகரியம். விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். வழக்கு சீக்கிரம் முடியும் என்று மட்டும் வாக்களிக்க எனக்குத் துணிவில்லை.

தயாரிப்பாளரின் குறையாயின், உத்தரவாதக் காலம் முடிந்தது என்பதோடு விஷயம் எப்போதும் முடிந்துவிடுவதில்லை. 2012-இல் வந்த நிக்கான் டி600-இன் சென்சாரில் தூசிப் புள்ளிகள் படிவதாக எழுந்த புகார், 2014 மார்ச்சில் சீனத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, ஷாங்காய் அதிகாரிகள் விற்பனையை நிறுத்தச் சொல்லும் அளவுக்குப் போனது. உத்தரவாதம் தீர்ந்த பாடிகளுக்கும் நிறுவனம் இலவசமாக ஷட்டரை மாற்றித் தர முன்வந்தது. பழைய டி600-ஐ மலிவாக வாங்குகிறவர், அந்தப் பழுது பார்க்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பழைய பாடியை வியாபாரியல்லாத தனிமனிதரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் உதவாது. சிவில் நீதிமன்றமும், மோசடியாயின் போலீசும்தான் கதி. ஆகவே அங்கே பரிசோதனையே பாதுகாப்பு. டி7200-இன் ஷட்டர் சுமார் 1,50,000 முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. எத்தனை முறை இயங்கியது என்பது நிக்கான் படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும், கேனானின் பெரும்பாலான பாடிகளில் அப்படியில்லை. அடிப்பகுதியிலுள்ள சீரியல் எண், பழைய ரசீதிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்கவேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கலாகாது. திருட்டுப் பொருளென்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ நேர்மையின்றி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றம்.