கறுப்பு கார்ல மட்டும் ஏன் இவ்வளவு கீறல்?

இந்த வார எபிசோடுல நேரம் பத்தாம விட்டுப்போன விஷயம் இது. பர்மிங்காம்ல என்கூட கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் கறுப்பு கார் புக் பண்ணியிருக்கார். கறுப்பு பெயிண்ட் ரொம்ப சாஃப்ட், சீக்கிரம் கீறல் விழும், அதனால செராமிக் கோட்டிங் போட்டே ஆகணும்னு ஷோரூம்ல கூடுதலா 600 பவுண்ட் கேட்கறாங்களாம்.

முதல்ல ஒண்ணு. இப்போ வர்ற கார்கள்ல கலர் மேல் அடுக்கே கிடையாது. பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கிளியர் கோட். கலர் பேக்கெண்ட்; உதை வாங்கறது ஃப்ரண்டெண்ட். இந்தக் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெலிசு. ஒரே தொழிற்சாலையில கறுப்புக்கும் வெள்ளைக்கும் பொதுவா ஒரே கிளியர் கோட்தான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அது வேற கதை. 2003-ல மெர்சிடிஸ் நானோ துகள் கலந்து அதைக் கடினமாக்கினாங்க. 2005-ல நிசான் நேர் எதிரா, லேசான கீறல் தானா மூடிக்கிற மாதிரி நெகிழ்வா ஒண்ணு கொண்டுவந்தாங்க.

நிறத்தைப் பொறுத்துக் கடினம் மாறும்ங்கிற பேச்சு, கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்கு பெயிண்டுக்குப் பொருந்தலாம். அதுல நிறமிதான் மேலேயே இருக்கு. பாலிஷ் போட்டா துணியில கலர் ஒட்டும்.

அப்போ கறுப்புல மட்டும் ஏன் தெரியுது? ஃபோன் ஸ்கிரீனை ஆஃப் பண்ணிப் பாருங்க, அதுவரைக்கும் தெரியாத விரல் ரேகை எல்லாம் தெரியும். அதேதான். கீறலோட ஓரம் வெளிச்சத்தைச் சிதறடிக்குது. பின்னாடி கறுப்பா இருந்தா பளிச்சுனு கண்ணுல படுது. சில்வர்ல இருக்கிற உலோகத் துகளே மினுக்குறதால கீறல் அதுல ஒளிஞ்சுக்கும்.

அடுத்தது அந்த '9H'. இது வைரத்துக்கு 10 கொடுக்கிற மோஸ் அளவுகோல் இல்ல, பென்சில் டெஸ்ட். 9H பென்சில்கூட கிராஃபைட்டும் களிமண்ணும்தான். ரோட்டு மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் மோஸ்ல 7; அது கோட்டிங்கையும் கீறும். செராமிக் போட்டா தண்ணி வழுக்கி ஓடும், அழுக்கு சுலபமா போகும். அதுக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்ல. கீறலுக்குக் கவசம்னு நினைச்சுக் கொடுக்காதீங்கன்னுதான் தம்பிகிட்ட சொன்னேன்.

அந்த வட்ட வட்டக் கீறல் பெரும்பாலும் கார் கழுவும்போது வர்றது. பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் வாஷ், கீழ விழுந்த ஸ்பாஞ்ச், காய்ஞ்ச தூசியை அப்படியே துணியால துடைக்கிறது (நம்ம ஆளுங்களுக்கு இது கைவந்த கலை). முதல்ல தண்ணி அடிச்சு மண்ணைக் கழுவிடுங்க. அப்புறம் சோப்புக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொண்ணு.

செகண்ட் ஹேண்ட்ல கறுப்பு கார் பார்க்கப் போனா, ஃபோன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. கீறல் மேல நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டினா அது பாலிஷ்ல போறது கஷ்டம், அதுக்கேத்த மாதிரி விலையைப் பேசுங்க.